அக்டோபர், நவம்பரில் மேற்கு இமயமலை: பனி எப்போது விழும், எதைப் பார்த்துக் கிளம்புவது?

அக்டோபர் நடுவில் ஸ்ரீநகரில் தொடங்கி, கார்கில், லே பார்த்துவிட்டு, நவம்பர் முதல் வாரத்துக்குள் மணாலி வழியாக இறங்க வேண்டும் என்பது உங்கள் திட்டம். இந்த வருஷம் லா நினா (பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடக் குளிரும் நிலை) என்று செய்தியில் வருகிறது, அதனால் பனி முன்கூட்டியே விழுந்து பாதையை அடைத்துவிடுமா, குளிர் தாங்கக்கூடியதாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமான பதில். நீங்கள் அங்கே இருக்கப்போகும் மூன்று வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மேகமே இல்லாமல் பளிச்சென்று இருக்கும். நடுவே ஒன்றோ இரண்டோ முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாளுக்கு, வானிலை கெடும். அந்த நாட்களில் கணவாய்களில் பனி விழும், பாதை மூடும். அது எந்தத் தேதி என்று ஒரு மாதம் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. ஐந்தாறு நாள் முன்னால் தேடிப் பார்ப்பவர் எவருக்கும் தெரிந்துவிடும். லா நினாவை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இனி காரணங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. அதே ஐப்பசியில் காஷ்மீர், இமாச்சல், லடாக் பக்கம் வருஷத்திலேயே தெளிவான வானம் இருக்கும். தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானிலிருந்து செப்டம்பர் 17 வாக்கில் விலகத் தொடங்கி, அக்டோபர் 15 வாக்கில் நாடு முழுவதிலிருந்தும் விலகிவிடும் என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இயல்புக் கணக்கு. மலைகளில் செப்டம்பர் கடைசிக்குள்ளேயே ஈரக்காற்று வற்றிவிடும். அந்த இடத்தில் காய்ந்த மேலைக்காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். காஷ்மீரிகள் 'ஹருத்' என்று சொல்லும் இலையுதிர்காலம் இதுதான்: சினார் மரங்கள் சிவந்து, பாம்பூரில் குங்குமப்பூ பூத்து, மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போலத் தெரியும் நாட்கள்.

ஆள் ஏமாறுவதும் இந்தத் தெளிவில்தான். பத்து நாள் தொடர்ந்து நீல வானத்தைப் பார்த்தவனுக்குப் பதினோராவது நாளும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றிவிடும். ஜனவரியில் ஒருவரும் மெல்லிய ஜாக்கெட்டோடு கணவாய் ஏறுவதில்லை. அக்டோபரில் ஏறுகிறார்கள்.

கோடையில் திபெத்துக்கு வடக்கே ஓடும் மேல்வளிக் காற்றோட்டம், அதாவது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று, அக்டோபரில் இமயமலைக்குத் தெற்கே இறங்கிவிடும். மத்தியதரைக் கடல், காஸ்பியன் பக்கம் உருவாகும் காற்றழுத்தச் சுழல்களை ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இழுத்துக்கொண்டு வருவது அந்தக் காற்றுதான். வானிலைத் துறையின் மொழியில் அதற்குப் பெயர் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ். தமிழ்ச் செய்திகளில் மேற்கத்திய இடையூறு என்று எழுதுவார்கள். நடுக்குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கு முதல் ஆறு வரை வரும். அக்டோபரில் அதைவிடக் குறைவு, வருவதிலும் பாதி வெறும் மேகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். மிச்சத்தில் ஒன்று உருப்படியாக வந்தால் போதும், உங்கள் பயணத் திட்டம் மாறிவிடும்.

'கோல்ட் ஃப்ரண்ட் எப்போது வரும்' என்று தனியாக ஒரு வரி கேட்டிருந்தீர்கள். குளிர்முகம் என்பது குளிர்ந்த காற்று வெப்பக் காற்றை முட்டித் தள்ளும் எல்லைக்கோடு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1918, 1919-இல், நார்வேயின் பெர்கன் நகரில் வில்லெல்ம் பியர்க்னெஸின் குழு இதைக் கண்டு சொன்னபோது, போர்முனையை மனதில் வைத்துத்தான் 'ஃப்ரண்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தக் கோட்டை வரைபடத்தில் தெளிவாக வரையலாம். இமயமலைக்கு வந்து சேர்வதற்குள் இந்தச் சுழல்கள் எத்தனையோ மலைத்தொடர்களைத் தாண்டி, தரையோடு இருந்த முகம் கிழிந்து போயிருக்கும். ஆகவே மணிக்கணக்காக 'இத்தனை மணிக்குக் குளிர்முகம் கடக்கும்' என்று அங்கே சொல்வது வீண். அதன் வேலை மட்டும் மிஞ்சும்: வருவதற்கு முன் தெற்கிலிருந்து மிதமான காற்று, கடந்து போனதும் வடமேற்கிலிருந்து கத்தி மாதிரி குளிர்.

வரும்போது அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஒருமுறை அக்டோபர் கடைசியில், மணாலிக்கு வடக்கே லாஹௌல் பள்ளத்தாக்கில் உள்ள கேலாங்கில் இருந்தேன். அதற்கு முந்தைய நான்கு நாளும் விடிகாலையில் வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருந்தது. ஐந்தாம் நாள் படியவில்லை. அடடா, குளிர் குறைந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, வாளியைப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் விறகை உள்ளே அடுக்கத் தொடங்கினார். பத்து மணிக்கு மேல் மேற்கே பஞ்சைப் பிரித்துப் போட்டது மாதிரி உயரமான மேகம். நண்பகலில் சூரியனைச் சுற்றி ஒரு வட்டம். மூன்று மணிக்குச் சூரியன் தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல மங்கி, நிழலே விழவில்லை. இருட்டிய பிறகு ஜவ்வரிசி மாதிரி உருண்டைப் பனி தகரக் கூரையில் சடசடவென்று விழ ஆரம்பித்தது. அப்புறம் சத்தம் நின்றுபோனது. நின்றுவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தால், உருண்டை போய்ப் பூவாக, ஓசையில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாளிக் கணக்கு எளிமையானது. மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடும், அதனால் உறையும். மேகம் வந்தால் அது போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். ஆகவே இமயமலையில் அக்டோபர், நவம்பரில் இரவு திடீரென்று இதமானால், அது நல்ல செய்தி இல்லை. அதே கணக்கின் மறுபக்கம்: மிகக் கொடிய இரவு பனி கொட்டும் இரவு அல்ல, கொட்டி ஓய்ந்து வானம் வெளுத்த அடுத்த இரவு. புதுப்பனி பகல் வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும், இரவில் வெப்பத்தையும் தேக்காது. 'பனி நின்றுவிட்டது, கிளம்பலாம்' என்று பலர் நினைக்கும் நேரத்தில்தான் வெப்பமானி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும்.

அடுத்து உயரம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மலையில் செல்லாது. ஒரு ஊரின் முன்னறிவிப்பை வைத்து அடுத்த வளைவில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போடலாம். மழை பெய்யும் ஈரக் காற்றில் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர். அங்கே மழையோடு 8 டிகிரி என்று முன்னறிவிப்பு சொன்னால், ரோத்தாங் கணவாய்க்கு அடியில் போகும் அடல் சுரங்கத்தின் தென்வாயில், சுமார் 3,060 மீட்டரில், 2 டிகிரி இருக்கும். 3,978 மீட்டர் ரோத்தாங்கில் பூஜ்யத்துக்குக் கீழே மூன்றரை. பூஜ்யம் டிகிரி மட்டம் 3,400 மீட்டருக்குச் சற்றுக் கீழே விழுகிறது. பனிப்பூ உருக நேரம் பிடிக்கும் என்பதால் அந்த மட்டத்துக்கு இருநூறு முந்நூறு மீட்டர் கீழே வரை பனியாகவே வந்து சேரும். அதாவது மணாலியில் ஸ்வெட்டரும் குடையுமாகக் கடைவீதியில் நடந்துகொண்டிருப்பீர்கள், ரோத்தாங்கில் பனி குவிந்துகொண்டிருக்கும், சுரங்கத்தின் வாயிலில் மழையா பனியா என்பது மயிரிழையில் நிற்கும்.

அந்த மயிரிழையையும் பலத்த மழை அறுத்துவிடும். விழும் பனி உருகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். குறுகலான பள்ளத்தாக்கில் மணிக்கணக்கில் பலமாகக் கொட்டினால், அந்தக் காற்று அப்படியே குளிர்ந்து பனிமட்டம் நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே இறங்கிவிடும். காற்றின் திசை மாறவில்லை, புதிதாக எதுவும் வரவில்லை, ஆனால் மழை பெய்துகொண்டிருந்த தெருவில் பனி விழத் தொடங்கும். 'முன்னறிவிப்பில் மழை என்றுதானே போட்டிருந்தது' என்று கோபப்படுபவர்களில் பாதிப் பேர் இதில் மாட்டியவர்கள்.

உயரம் மட்டுமே எல்லாம் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்ரீநகர்–லே சாலையில் உயரமான கணவாய் போட்டு லா, 4,108 மீட்டர். ஆனால் அந்தச் சாலையைக் குளிர்காலத்தில் மூட வைத்து எல்லோரையும் அழவைப்பது 3,528 மீட்டர் சோஜி லா. அறுநூறு மீட்டர் தாழ்ந்த கணவாயில் பனி அதிகம், ஏனென்றால் அது ஈரக்காற்று முதலில் முட்டும் சுவரில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் சுழல், அரபிக்கடல் பக்கத்து ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு, பீர் பஞ்சால், தவுலாதர், பெருமலைத்தொடர் என்று ஒவ்வொரு சுவரிலும் ஏறி ஏறிக் கொட்டிவிடும். குல்மர்க், சோனாமர்க், ரோத்தாங் எல்லாம் அந்தச் சுவர்களின் பக்கம். போட்டு லாவுக்கும் லேவுக்கும் மிச்சம் மீதிதான் போய்ச் சேரும். லேயின் வருடாந்திர மழையும் பனியும் சேர்ந்தே ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். அதனால் நீங்கள் லேயில் சும்மா ஒரு தூவலைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா' என்று சிரிக்கும் அதே நாளில், உங்களுக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு சாலைகளும் மூடியிருக்கலாம்.

இதுவரை சொன்னது சாதாரண இடையூறு. நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. இலையுதிர்காலத்தில் இமயமலையை உலுக்கிய பெரிய பேரிடர்களைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரே சேர்க்கை திரும்பத் திரும்ப வருகிறது: மேற்கிலிருந்து ஓர் இடையூறு, கிழக்கே வங்கக் கடலிலிருந்து ஒரு புயலோ தாழ்வுநிலையோ. இரண்டும் ஒரே நேரத்தில்.

2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியது. நமக்கு அது ஆந்திரப் புயல். அதன் மிச்சம் உள்நாட்டில் ஏறியபோது, மேலே வந்துகொண்டிருந்த மேலைக்காற்றின் தாழ்வழுத்தப் பள்ளம் அதை வடக்கே இழுத்துக்கொண்டது. 14-ஆம் தேதி நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில், 5,416 மீட்டர் தோரோங் லா கணவாயில், மலையேற்றக்காரர்கள் நிறைந்திருந்த அந்த உச்சப் பருவத்தில், பனிப்புயலும் பனிச்சரிவும் சேர்ந்து 40-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. வருஷத்தின் மிகப் பாதுகாப்பான வாரங்கள் என்று வழிகாட்டி நூல்கள் எல்லாம் சொல்லும் வாரங்களில் ஒன்று அது.

2018 செப்டம்பரில் டாயே புயல் ஒடிசாவில் கோபால்பூர் அருகே கரையேறியது. அதன் மிச்சமும் ஓர் இடையூறும் சேர்ந்ததில் 22 முதல் 24 வரை இமாச்சலில் வெள்ளம், அதே நாட்களில் லாஹௌலில் கடும் பனி. ஆப்பிளும் உருளைக்கிழங்கும் இன்னும் வயலில் இருந்த நேரம். நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டு ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள்.

2021 அக்டோபரில் உத்தராகண்ட். 17-லிருந்து 19 வரை. முக்தேஷ்வரில் 19-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 340.8 மில்லிமீட்டர் மழை. 1897-இலிருந்து பதிவு இருக்கும் நிலையம் அது, அதுவரை அப்படி ஒரு நாளைக் கண்டதில்லை. கீழே நைனிதால் வட்டாரத்தில் மழையாகக் கொட்டியது மேலே பனியாக விழுந்தது. ஹர்சிலிலிருந்து சித்குல் போகும் லம்காகா கணவாய் வழியில் இருந்த மலையேற்றக் குழுவினர் பலர் அதில் உயிரிழந்தார்கள்.

இதில் பாடம் என்னவென்றால், மலைக்குப் போகிறவர் மேற்கே மட்டும் பார்த்தால் போதாது. மேற்கத்திய இடையூறு தனியாக வந்தால் அதன் கையில் ஈரம் குறைவு. வங்கக் கடல் அதற்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால் கதை வேறு. வங்கக் கடலில் புயல் அதிகம் உருவாகும் பருவமும் அக்டோபர்–டிசம்பர்தானே. வடகிழக்குப் பருவமழையைப் பார்க்கும் பழக்கத்தில் நம்மவர்கள் வங்கக் கடல் படத்தை எப்படியும் தினமும் பார்ப்பார்கள். 'சென்னைக்கு வரவில்லை, ஆந்திரா பக்கம் போய்விட்டது' என்றதும் விட்டுவிடுவோம். இமயமலையில் இருக்கும்போது அப்படி விடாதீர்கள். ஆந்திரா, ஒடிசாவில் ஏறி வடக்கே திரும்பும் புயலை அங்கேதான் கவனிக்க வேண்டும். லடாக்கைவிட உத்தராகண்டுக்கும் நேபாளத்துக்கும் இந்த ஆபத்து அதிகம், ஆனால் 2018 காட்டியபடி லாஹௌலும் தப்பாது.

காஷ்மீரின் கதை சற்று வேறு. அங்கே புயலின் உதவி இல்லாமலேயே நவம்பர் தொடக்கத்தில் கனத்த பனி விழுந்துவிடும். 2018 நவம்பர் 3-ஆம் தேதியும், 2019 நவம்பர் 6, 7 தேதிகளிலும் அப்படி விழுந்தது. ஜனவரியில் மூன்று மடங்கு பனி விழுந்தாலும் ஒன்றும் ஆகாத ஆப்பிள் தோட்டங்கள் அந்த இரண்டு வருஷமும் நொறுங்கின. காரணம் இலை. நவம்பர் முதல் வாரத்தில் மரத்தில் இன்னும் இலை இருக்கும், சில தோட்டங்களில் பழமும் இருக்கும். வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால் பனி ஈரமாக, பசை மாதிரி ஒட்டும். இருபது மில்லிமீட்டர் நீருக்குச் சமமான பனி ஒட்டினால் ஒவ்வொரு சதுர மீட்டர் இலைப்பரப்பின் மேலும் இருபது கிலோ. வெறும் கிளையாக இருந்தால் அது நழுவிக் கீழே விழுந்திருக்கும். இலை அதை ஏந்திக்கொள்கிறது, கிளை அடிமரத்தோடு பிளந்துகொள்கிறது. பதினைந்து இருபது வருஷம் வளர்த்த மரம் ஒரே இரவில் இரண்டாக நிற்கும். மின்கம்பியும் இதே எடையில்தான் அறும். அதனால் 'முதல் பனி பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று படம் போடும்போது, அந்த ஊர்க்காரர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, லா நினா. செய்தித் தலைப்புகளில் 'லா நினா வருகிறது, கடுங்குளிரும் கனத்த பனியும்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். இவை இரண்டும் வேறு வேறு. மேற்கு இமயமலையின் குளிர்கால மழையும் பனியும் சராசரியாக, பசிபிக் சூடேறும் எல் நினோ வருஷங்களில் கூடுதலாகவும், லா நினா வருஷங்களில் குறைவாகவும் இருக்கும் சாய்வுதான் ஆய்வுகளில் தெரிவது. எல் நினோ காலத்தில் ஜெட் காற்று வலுத்து இடையூறுகளுக்கு ஈரம் அதிகம் கிடைக்கிறது. லா நினாவில் வடஇந்தியாவில் வானம் தெளிந்து வடமேற்குக் காற்று வீசி இரவுகள் குளிரலாம், ஆனால் தெளிந்த வானம் என்றால் பனிப்பொழிவு குறைவு என்றுதானே அர்த்தம்? மேலும் இது சாய்வு மட்டுமே. எல் நினோ வலுவாக இருந்த 2024 ஜனவரியில், குல்மர்க்கின் சறுக்குச் சரிவுகள் பனியில்லாமல் புல்லும் மண்ணுமாகக் கிடந்தன. கணக்குப்படி அது நல்ல பனி வருஷமாக இருந்திருக்க வேண்டும். பசிபிக் பெருங்கடலின் வெப்பத்தை வைத்து லே–மணாலி சாலையில் உள்ள பாராலாச்சா கணவாயின் அக்டோபர் 25-ஐத் தீர்மானிப்பது ஜோசியம்.

வானிலைத் துறை பருவத் தொடக்கத்தில் வெளியிடும் பருவகால முன்னறிவிப்பையும் இதே கண்ணோடு படியுங்கள். அதில் 'இயல்பைவிட அதிக மழைக்கு வாய்ப்பு' என்று வண்ணமிட்டிருந்தால், குறைவு, இயல்பு, அதிகம் என்ற மூன்று பெட்டிகளில் மூன்றாவதற்கு மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு, அவ்வளவுதான். மேற்கு இமயமலையில் அக்டோபர் மாத இயல்பே மிகச் சிறியது. ஒரே ஓர் இடையூறு இரண்டு நாளில் மாத ஒதுக்கீட்டை முடித்துவிட்டு, மீதி 29 நாள் வெயில் அடிக்கலாம். அந்த மாதம் ஏட்டில் 'அதிக மழை' மாதம். பயணிக்கு அது நல்ல மாதம், அந்த இரண்டு நாளில் கணவாயில் இல்லாமல் இருந்தால்.

குளிர் எவ்வளவு? லேயில் அக்டோபர் நடுவில் பகலில் 14, 15 டிகிரி, இரவில் பூஜ்யத்தை ஒட்டி. வெயிலில் நின்றால் சட்டையோடு இருக்கலாம், நிழலுக்குள் ஓர் அடி வைத்தால் ஸ்வெட்டர் வேண்டும். காற்று அவ்வளவு மெலிது. நவம்பர் முதல் வாரத்தில் இரவு பூஜ்யத்துக்கு ஐந்தாறு டிகிரி கீழே போவது சாதாரணம். ஸ்ரீநகர் இதைவிட மிதம், ஆனால் ஈரம் அதிகம் என்பதால் எலும்பில் ஏறும். அங்கே பெரன் அங்கிக்குள் காங்ரி நெருப்புச் சட்டியோடு ஆட்களைப் பார்க்கத் தொடங்குவீர்கள். காஷ்மீரின் பேர்போன 'சில்லாய் கலான்' என்னும் கடுங்குளிர் நாற்பது நாள் டிசம்பர் 21-க்குத்தான் தொடங்கும், அது உங்கள் தலைவலி இல்லை.

வண்டி டீசல் என்றால் ஒரு வார்த்தை. சமவெளியில் நிரப்பிய சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டிவிடும். லாரி டிரைவர்கள் காலையில் டேங்குக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சூடேற்றுவதை நீங்களே பார்க்கலாம். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். லடாக்கில் 2019 நவம்பர் முதல் குளிர்கால டீசல் விற்பனையில் இருக்கிறது, பூஜ்யத்துக்கு 33 டிகிரி கீழே வரை உறையாதது. மேலே போனதும் அதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இப்போது எதை, எப்போது பார்ப்பது. போனில் வரும் வானிலை ஆப்பை நம்பி மலை ஏறாதீர்கள். உலக அளவிலான கணினி வானிலை மாதிரிகளில் நுணுக்கமானது என்று பெயர்பெற்ற ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரிகூட பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. குலு பள்ளத்தாக்கில் 9 கிலோமீட்டருக்குள் ஆறும் இருக்கும், அதைவிட இரண்டாயிரம் மீட்டர் உயர்ந்த முகடும் இருக்கும். கணினி இரண்டையும் சமப்படுத்தி ஓர் உயரம் எடுத்துக்கொண்டு ஒரு வெப்பநிலை சொல்லும், அந்த உயரத்தில் உண்மையில் யாரும் இருக்க மாட்டார்கள். எண்ணை விடுங்கள், போக்கைப் பாருங்கள்.

ஏழு நாள் முன்னால், மேல்வளி வரைபடத்தில், அதாவது 500 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்தைக் காட்டும் படத்தில், ஆப்கானிஸ்தான் பக்கம் கோடுகள் பை மாதிரி கீழே தொங்குகின்றனவா என்று மட்டும் பாருங்கள். தொங்கினால் அடுத்த ஓரிரு நாளில் காஷ்மீருக்கு வரும். கூடவே வங்கக் கடலில் ஏதாவது சுழல்கிறதா என்று ஒரு பார்வை. ஐந்து நாள் முன்னால் ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். ஒன்று பனி என்றும் மற்றது வெயில் என்றும் சொன்னால், பனி என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மூன்று நாளுக்குள் வந்துவிட்டால் ஸ்ரீநகர், சிம்லா வானிலை மையங்களின் மாவட்ட எச்சரிக்கைதான் வேதவாக்கு. மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு என்பது அவர்கள் கணக்கு. கணவாய் தாண்டுகிறவருக்கு ஆரஞ்சே சிவப்பு என்பது என் கணக்கு.

சிக்னல் இல்லாத இடத்தில் உயரம் காட்டும் கைக்கடிகாரம் இருந்தால் அதுவே வானிலை நிலையம். அது காற்றழுத்தத்தை அளந்துதான் உயரம் சொல்கிறது. நீங்கள் ஒரே கூடாரத்தில் தூங்கி எழுந்தும் நேற்றைவிட 40 மீட்டர் 'ஏறியிருப்பதாக'க் காட்டினால், நீங்கள் ஏறவில்லை, அழுத்தம் இறங்கியிருக்கிறது. நாலாயிரம் மீட்டரில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 13 மீட்டர், ஆக மூன்று ஹெக்டோபாஸ்கல் சரிவு. அழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணி வாக்கில் ஏறி மாலை நாலு மணி வாக்கில் இறங்குவது வழக்கம் என்பதால், நேற்றுக் காலை ஆறையும் இன்று காலை ஆறையும் ஒப்பிடுங்கள், காலையையும் மாலையையும் ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

உங்கள் பாதைக்கு வருகிறேன். ஸ்ரீநகரில் தொடங்குவது சரி. படிப்படியாக ஏறுவதால் உடம்பு உயரத்துக்குப் பழகும். சோஜி லாவில் அக்டோபர் நடுவில் பனி விழுந்தாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் வெட்டித் திறந்துவிடுவார்கள். சிக்கல் திரும்பும் வழியில் இருக்கிறது. லேயிலிருந்து மணாலிக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல், தங்லங் லா, லாசுங் லா, பாராலாச்சா என்று 4,800-க்கு மேற்பட்ட கணவாய்கள் வரிசையாக. இதைவிட முக்கியம், கோடையில் பாங், சர்ச்சு பக்கம் இருக்கும் கூடாரக் கடைகள் அக்டோபர் நடுவுக்குள் பெரும்பாலும் சுருட்டிக்கொண்டு போயிருக்கும். ஜூலையில் மாட்டிக்கொண்டால் டீயும் போர்வையும் கிடைக்கும் இடத்தில், நவம்பரில் காற்றுதான் இருக்கும்.

ஆகவே லே–மணாலியை இப்போதே தேதி போட்டு முடிவு செய்யாதீர்கள். லே போய்ச் சேர்ந்த பிறகு, தொடர்ந்து மூன்று நாள் தெளிவு என்று எல்லா மாதிரிகளும் சொன்னால் மட்டும், அதன் முதல் நாளில் கிளம்புங்கள், மூன்றாம் நாளில் அல்ல. இல்லையென்றால் வந்த வழியே சோஜி லா, அதுவும் மூடினால் லேயிலிருந்து விமானம். இதற்காகக் கையில் இரண்டு நாள் உபரி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் டிக்கெட்டை நவம்பர் ஏழுக்கு இறுக்கிக் கட்டாதீர்கள்.

கிளம்பும் நாளில் கணவாய்களைக் காலை ஒன்பதுக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவே தாண்டுமாறு நேரம் வையுங்கள். பகலில் ஓரத்துப் பனி உருகிச் சாலையின் குறுக்கே ஓடும் தண்ணீர் நாலு மணிக்கு மேல் உறையத் தொடங்கி, ஈரத் தார் மாதிரியே தெரியும் கண்ணாடி ஐஸ் ஆகிவிடும். விடிகாலையிலும் அது அப்படியே இருக்கும். லே பக்கத்து உப்ஷி சோதனைச் சாவடியில் பெயர் எழுதும்போது, அன்று மணாலி பக்கத்திலிருந்து ஏதாவது லாரி வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் வண்டியை அங்கேயே திருப்பிவிடுங்கள்.